ஸ்கை தீவின் கூரை வீட்டு அருங்காட்சியகம்: ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துப் போக ஒரு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் வடமேற்கில் உள்ள ஸ்கை தீவில், கில்முயர் என்ற கடலோரக் கிராமத்தில் ஏழு கூரை வீடுகள் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு முன்பு அந்தத் தீவின் குடியானவர்கள் எப்படி வாழ்ந்தார்களோ, அப்படியே அடுப்பு, கட்டில், தறி, பட்டறையோடு வைத்திருக்கிறார்கள். 'ஸ்கை மியூசியம் ஆஃப் ஐலண்ட் லைஃப்' என்பது அதன் பெயர். சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு விசா, பருவம், கிழமை, வண்டி எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும். நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து அங்கே கூட்டிப்போவதற்குள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அடுத்து போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

பலரும் விசாவில் தொடங்குவார்கள். நீங்கள் நாட்காட்டியில் தொடங்குங்கள். இந்த அருங்காட்சியகம் வருஷம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. ஈஸ்டரை ஒட்டித் திறந்து, செப்டம்பர் கடைசிவாக்கில் மூடிவிடுவார்கள். ஈஸ்டர் தேதி வருஷாவருஷம் மாறும்: 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெற்றோரை வரவழைக்கிறவர்கள் இதை மறந்துவிடலாம். பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று விடுமுறை. ஞாயிறு ஓய்வு நாள் என்பதை இந்தத் தீவுகளில் இன்றும் பலர் கடைப்பிடிக்கிறார்கள். வேலைக்குப் போகிற நமக்கு வெள்ளி மாலை கிளம்பி சனி போய்ச் சேர்ந்து ஞாயிறு பார்க்கலாம் என்றுதான் கணக்கு ஓடும். அந்தக் கணக்கு இங்கே பலிக்காது. திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்து மணி வரை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் அவர்கள் இணையதளத்தில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால் மே அல்லது செப்டம்பர் முதல் பாதி என்பேன். ஜூலை, ஆகஸ்டில் இங்கே பள்ளி விடுமுறை. அறை வாடகை ஏறிவிடும், சாலையிலும் நெரிசல். கூடவே 'மிட்ஜ்' என்று ஒரு பொடிப்பூச்சி உண்டு. கொசுவைவிடச் சின்னது, கூட்டமாக வந்து மொய்க்கும். காற்று வீசினால் அண்டாது. கில்முயர் கடலோரம் என்பதால் பெரும்பாலும் காற்று இருக்கும், ஆனாலும் பூச்சி விரட்டும் மருந்து ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

2. விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டனின் 'ஸ்டாண்டர்ட் விசிட்டர்' விசா வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது இங்கே செல்லாது. மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் 'இ.டி.ஏ.' என்ற முன் அனுமதியை இணையத்தில் வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டு ஆனது. விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் ஆளுக்கு 127 பவுண்டு ஆனது. இந்தக் கட்டணம் அடிக்கடி ஏறும், கட்டும் அன்று அரசு இணையதளத்தில் என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் கிடையாது. அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த நாளிலிருந்து சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். மே மாதம் வர வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். கைரேகை மையத்தில் விரைவு சேவை, குறுஞ்செய்தி, காத்திருப்பு அறை என்று எதையெதையோ பட்டியலில் காட்டுவார்கள். அவை எல்லாம் கட்டாயமில்லை. நேரம் இருந்தால் எதுவும் வாங்காமலே வேலை முடியும்.

ஆவணங்களில் நம் ஊர்க்காரர்களுக்கு மூன்று இடங்களில் சிக்கல் வருகிறது.

முதலாவது பெயர். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் பலருக்குக் காலியாக இருக்கும். ஒரு ஆவணத்தில் இனிஷியல், இன்னொன்றில் அது விரிந்து அப்பா பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். விண்ணப்பம், விமான டிக்கெட், அழைப்புக் கடிதம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. உங்களுக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவைக் காட்ட வைக்கும் சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு பத்தியில் விளக்கி, ஆதாரோ பள்ளிச் சான்றிதழோ துணைக்கு வையுங்கள்.

இரண்டாவது தமிழில் இருக்கும் ஆவணங்கள். ஊரில் நிலம் இருக்கிறது, திரும்பிப் போக அவர்களுக்குக் காரணம் இருக்கிறது என்று காட்டப் பட்டா, கிரயப் பத்திரம் வைப்போம். அவை தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே வேண்டும். மொழிபெயர்த்தவர் இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதி, தேதி, முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்கு ஆள் தேடுவது பெரும்பாடு.

மூன்றாவது வங்கிக் கணக்கு. விண்ணப்பிக்கப் போகிறோமே என்று பிள்ளைகள் திடீரென்று அப்பா கணக்கில் லட்சக்கணக்கில் போட்டுவிடுவார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் அதனால் எழும். ஓய்வூதியமும் விவசாய வருமானமும் மாதாமாதம் வந்துபோகும் ஆறு மாத அறிக்கையே மேல். செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால் அதைக் கடிதத்தில் நேராகச் சொல்லி, உங்கள் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம், உங்கள் குடியேற்ற நிலைக்கான சான்று எல்லாவற்றையும் இணையுங்கள்.

இன்னொன்று. 'கன்ஃபர்ம்டு டிக்கெட் இல்லாமல் விசா கிடைக்காது' என்று எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் அடித்துச் சொன்னார். அது சரியல்ல. விசா முடிவாகும் முன் பயணத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதே அரசின் அறிவுரை. எந்தெந்தத் தேதியில் எங்கே போவோம், தோராயமாக எவ்வளவு செலவாகும் என்ற திட்டம் போதும்.

பயணக் காப்பீடு விசாவுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு எடுத்தே தீர வேண்டும். சுற்றுலா விசாவில் வருபவர் மருத்துவமனையில் படுத்தால் பில் உங்கள் தலையில்தான் விழும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லி எடுங்கள். மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

3. தீவுக்குப் போய்ச் சேருவது

தீவு என்றதும் கப்பல் டிக்கெட் தேட வேண்டாம். 1995 முதல் பாலம் இருக்கிறது, 2004 இறுதியிலிருந்து அதற்குச் சுங்கமும் கிடையாது. கப்பலில் போக ஆசையிருந்தால் மாலெய்கிலிருந்து ஆர்மடேலுக்குப் படகு உண்டு.

ரயிலில் போவதென்றால் இன்வர்னஸ் வரை வந்து, அங்கிருந்து கைல் ஆஃப் லோகால்ஷ் வரை இன்னொரு ரயில், சுமார் இரண்டரை மணி நேரம். மலையும் ஏரியுமாகப் போகும் அந்தப் பாதையே பார்க்க வேண்டியதுதான். பிறகு பாலத்தைத் தாண்டிப் பேருந்தில் தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீ. இன்வர்னஸிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் நேரடிப் பேருந்தும் இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து ஒரு பகல் முழுதும் போய்விடும், முதியவர்களுக்கு முதுகு தாங்காது.

ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் பிடிக்க ஒரு வழி: அப்பா அம்மா இருவரும் எப்போதும் சேர்ந்தே போவார்கள் என்றால், ஆளுக்கொரு முதியோர் அட்டை வாங்காமல் இருவருக்கும் சேர்த்து 'டூ டுகெதர்' ரயில் அட்டை ஒன்று வாங்குங்கள். 2025-ல் ஒன்றின் விலை 35 பவுண்டு. இந்த நாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் கிளம்பும் ரயில்களில்தான் செல்லும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, இன்வர்னஸ் வரை ரயில், அங்கிருந்து வாடகைக் கார். போர்ட்ரீக்குச் சுமார் 180 கிலோமீட்டர், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். செல்லுபடியாகும் இந்திய ஓட்டுநர் உரிமத்தில் இங்கே பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். நம் ஊர் போல இடது பக்கம்தான். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும், டெபிட் கார்டை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் வெகு முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

தீவில் பல சாலைகள் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே 'பாசிங் பிளேஸ்' இருக்கும். அது உங்கள் இடது பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் தடத்திலேயே நின்றுகொள்ளுங்கள், எதிர் வண்டி அதற்குள் புகுந்து போகும். பின்னால் வருபவர் அவசரத்தில் இருந்தால் அவருக்கும் வழி விடுங்கள். போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்தவே கூடாது. தீவுக்காரர்களுக்கு அதுதான் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிற சாலை.

4. தங்கும் இடம்

போர்ட்ரீயில் தங்கினால் கடை, மருந்து, பேருந்து எல்லாம் கிட்ட இருக்கும். யூயிக்கில் தங்கினால் அருங்காட்சியகம் பக்கம். விசா வந்த அன்றே அறையைப் பிடித்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் அதிகப் பணம் தின்பது அறைதான், தள்ளிப்போடப் போட விலை ஏறும். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக இருந்தால் விசாவுக்கு முன்பே பிடித்து வைத்தாலும் பாதகமில்லை.

5. கில்முயருக்குப் போவது

போர்ட்ரீயிலிருந்து ஏ87 சாலையில் யூயிக், அங்கிருந்து ஏ855-ல் வடக்கே ஏறினால் கில்முயர். மொத்தம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். யூயிக்கைத் தாண்டியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, மெதுவாக ஏறுங்கள்.

வழிகாட்டிச் செயலியில் வெறுமனே கில்முயர் என்று போடாதீர்கள். இதே தீவில் டன்வேகன் பக்கம் ஒரு கில்முயர், இன்வர்னஸுக்கு அருகில் இன்னொன்று. அருங்காட்சியகத்தின் முழுப் பெயரைப் போட்டு, அஞ்சல் குறியீடு 'ஐ.வி. 51' என்று தொடங்குகிறதா பாருங்கள். கைப்பேசி சிக்னல் நடுநடுவே போய்விடும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இல்லாதவர்களுக்குப் போர்ட்ரீயிலிருந்து டிராட்டர்னிஷ் தீபகற்பத்தைச் சுற்றி வரும் உள்ளூர்ப் பேருந்து உண்டு. ஒரு நாளில் சில நடைகள்தான். இறங்கும்போதே ஓட்டுநரிடம் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு, சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வட்டமாகச் சுற்றும் வண்டி என்பதால் இரண்டு திசையில் எதில் ஏறினாலும் போர்ட்ரீ வந்துவிடும்; நேரம்தான் கூடக் குறைய ஆகும்.

சுற்றுலா நிறுவனங்களின் ஒரு நாள் பயணத்தில் போவதானால் ஒரு கேள்வி கேட்காமல் பணம் கட்டாதீர்கள்: 'உள்ளே போக எவ்வளவு நேரம் தருவீர்கள்?' நாங்கள் ஒரு தடவை அப்படிப் போனபோது, பட்டியலில் அருங்காட்சியகம் என்று அச்சிட்டிருந்தார்கள். சாலையோரம் நிறுத்தி, வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, கால் மணி நேரத்தில் வண்டியை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு தூரம் வந்த அப்பா கூரையைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த வருத்தத்தில்தான் அடுத்த தடவை காரில் போனோம்.

6. கையில் என்ன வேண்டும்

நுழைவுக் கட்டணம் பெரியவருக்குப் பத்து பவுண்டுக்குள்தான். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிடும் நோட்டு மீதியாக வந்தால் அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கிலாந்துக் கடைகளில் சில இடங்களில் அதைப் பார்த்து முழிப்பார்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சாலையில் பசிக்கிற நேரத்தில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. போர்ட்ரீயில் கூட்டுறவு சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. தயிர், பழம், ரொட்டி அங்கே வாங்கலாம். அம்மா அறையிலேயே புளிசாதம் கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டார். கழிப்பறை, பெட்ரோல் இரண்டையும் யூயிக்கில் முடித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மே மாதத்தில்கூடக் காற்று எலும்பைத் துளைக்கும். அப்பாவுக்கு மங்கி குல்லா, அம்மாவுக்குப் புடவைக்கு உள்ளே கம்பளிக் காலுறை, மேலே மழைக்கோட்டு. குடை வேண்டாம், முதல் காற்றிலேயே பிய்த்துக்கொண்டு போய்விடும். வழுக்காத செருப்பு அவசியம். வீடுகளுக்கு நடுவே நடக்கும் தரை சமதளம் அல்ல, வாசல் நிலைகள் உயரம் குறைவு. முட்டி வலி உள்ளவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள், தலையைக் குனியச் சொல்லுங்கள்.

7. உள்ளே போனதும்

திறந்தவுடன் போய்விடுவது நல்லது. முற்பகல் ஏற ஏறப் பேருந்துக் கூட்டம் வரும். ஒரு அறைக்குள் பத்துப் பேர் நின்றால் எதையும் பார்க்க முடியாது, அவ்வளவு சின்ன அறைகள்.

நேராக வீட்டுக்குள் நுழையாமல், முதலில் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். அப்பா அதிக நேரம் நின்றது அங்கேதான். எங்கள் ஊரில் தென்னங்கீற்று வேய்ந்தால் கயிற்றால் மூங்கிலோடு சேர்த்துக் கட்டுவோம். இங்கே கூரைக்கு மேல் வலை போட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி, கூரை விளிம்பைச் சுற்றி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அட்லாண்டிக் காற்று கூரையைக் கிளப்பிக்கொண்டு போகாமல் அந்தக் கல்லின் பாரம் இழுத்துப் பிடிக்கிறது. அப்பா ஒரு கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, 'கல்லுக்கு ஓட்டை போடல, முடிச்சுலதான் நிக்குது' என்றார். எத்தனையோ கூரை வேய்ந்த கை அவருடையது; நான் தனியாகப் போயிருந்தால் அந்த முடிச்சைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

பிறகு பழைய குடியானவர் வீடு. 1965-ல் அருங்காட்சியகம் தொடங்கியது இதை வைத்துத்தான். சமையலும் இருப்பும் ஒரே அறையில், பக்கத்தில் பெற்றோர் படுக்கையறை. ஜன்னல் திண்டில் கை வைத்துப் பாருங்கள், சுவரின் கனம் முழங்கை வரை வரும். தீவில் மரம் அதிகம் கிடையாது. அடுப்புக்கு விறகு இல்லை, 'பீட்' என்று சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைத்த மண்கட்டிதான் எரிபொருள். வசந்தத்தில் வெட்டி, கோடையில் காயவைத்து, குளிர்காலம் முழுவதும் எரிப்பார்கள். ஒரு வருஷம் மழையில் அது காயாமல் போனால் அந்தக் குடும்பத்தின் குளிர்காலம் என்னாகும் என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியோடு மற்ற வீடுகளைப் பார்த்தால் ஒவ்வொரு சாமானும் எதற்கென்று விளங்கும்.

நெசவாளர் வீட்டில் தறி, கொல்லன் பட்டறையில் உலையும் பட்டடையும், களஞ்சியத்தில் உழவுக் கருவிகள். மாலையில் ஊர் கூடிக் கதையும் பாட்டுமாகப் பொழுது போக்கும் வீடு 'கெய்லி' வீடு. அதில் பழைய புகைப்படங்களும் கடிதங்களும் தாள்களும் வைத்திருக்கிறார்கள். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் வாசிக்கலாம். விளக்க அட்டைகள் ஆங்கிலத்தில். படிக்க முடியாத பெற்றோருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் முந்தின இரவே இணையதளத்தில் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள்.

சாமான்களைத் தொடுவதற்கு முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களோடு போனால் ஊழியர்களே வந்து பேச்சுக் கொடுப்பார்கள்.

8. அடுத்துப் பார்க்க

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் மேலே போனால் கில்முயர் கல்லறைத் தோட்டம். பிரிட்டிஷ் அரியணைக்காகப் போரிட்டுத் தோற்ற ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் 1746-ல் தப்பிக்க உதவிய ஃபுளோரா மெக்டொனால்டு அங்கேதான் அடக்கம், உயரமான சிலுவை நிற்கும். ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்குயீனின் கல்லறையும் அங்கே உண்டு. இப்போதும் ஊரார் தங்கள் உறவினரை அடக்கம் செய்யும் இடம் அது. சடங்கு நடந்துகொண்டிருந்தால் உள்ளே போகாமல் திரும்பிவிடுங்கள்.

வடக்கே இன்னும் சில கிலோமீட்டர் போனால் டன்டல்ம் கோட்டையின் இடிபாடு. காற்று அதிகமென்றால் வயதானவர்களைப் பாறை விளிம்புப் பக்கம் விடாதீர்கள். யூயிக்கிலிருந்து ஸ்டாஃபினுக்குக் குவிராய்ங் மலை வழியாகக் குறுக்குச் சாலை ஒன்று இருக்கிறது, செங்குத்தான வளைவுகள். ஒற்றைத் தடச் சாலையில் பழக்கமில்லாதவர்கள் அதை விட்டுவிட்டுக் கடலோரமாகவே சுற்றி வரலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் இதையெல்லாம் மாலைக்குத் தள்ளிவைக்கலாம். வீடுகளை மட்டும் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஆகவே மூன்று மணிக்கு மேல் போய்ச் சேருவதாக இருந்தால் அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் ஞாயிறாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.